பதினாலாவது நிமிஷத்துல ஒரு பொம்பளைக் குரல்

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு இந்த மாதிரி விஷயத்துல எல்லாம் நம்பிக்கையே கிடையாது. அதுவும் சத்தம்னு வந்தா சுத்தமா கிடையாது, ஏன்னா சத்தம்தான் என் பொழைப்பு. மைசூர் மண்டி மொஹல்லாவுல ஒரு மசாலாக் கடைக்கு மேல மாடியில கல்யாண வீடியோ எடிட்டிங் பண்ற கடை இருக்கு, அங்க பன்னெண்டு வருஷமா நான்தான் சவுண்டு பாக்கறேன். தாலி கட்டற நேரத்துல நாதஸ்வரத்துக்கு மேல ஜெனரேட்டர் உறுமும், அதை எடுக்கணும். மாப்பிள்ளையோட மாமா மைக் பக்கத்துல நின்னு இருமுவாரு, அந்த இருமலை எடுக்கணும். வீட்டுல யாரோ நடக்கற மாதிரி கேக்குது, யாரோ முனகற மாதிரி கேக்குதுன்னு யாராச்சும் சொன்னா நான் ஒரே கேள்விதான் கேப்பேன், "தண்ணி பைப்பு எந்தச் சுவத்துல போகுது?" எந்தச் சத்தமும் எங்கேர்ந்தாச்சும் வந்துதான் ஆகணும். அப்படிப்பட்டவ சொல்றேன், நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். இன்னொண்ணு, இந்த மாதிரிக் கதைன்னா எல்லாரும் நடுராத்திரி பன்னெண்டு மணின்னு ஆரம்பிப்பாங்க. இது ஞாயித்துக்கெழமை மத்தியானம், வெயில் சுள்ளுனு அடிச்சுட்டு இருந்துச்சு, நான் வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டுட்டுத்தான் அங்க போயிருந்தேன்.

தகரம்னு ஒரு பேண்டு. கல்யாண ஊர்வலத்துல ட்ரம்பெட் ஊதற பேண்டு இல்லீங்க. மெட்டல்னு சொல்வாங்களே, கிட்டாரை அலற விட்டுத் தலையை ஆட்டுவாங்களே, அந்த ரகம், அதுலயும் இவங்க இன்னும் ஒரு படி போய்ப் பாட்டு, மெட்டு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு வெறும் இரைச்சலை மட்டும் வெச்சுக்கிட்டவங்க. ரெண்டே பேருதான். மஞ்சுநாத் கிட்டாரு, கன்னடக்காரன், பகல்ல ஒரு காலேஜ் ஃபிசிக்ஸ் லேப்ல வேலை. அருள் ட்ரம்ஸு, எங்க ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பையன், எங்க அப்பா அம்மாவும் அந்தப் பக்கத்துலேர்ந்துதான் மைசூருக்கு வந்தவங்க, அதனால என்னைப் பாத்த நாள்லேர்ந்து அக்கான்னுதான் கூப்புடுவான். அவனுக்கு கிரில் கேட் பண்ற வெல்டிங் கடையில வேலை. கல்யாணம் ஆகி அப்ப ரெண்டு வயசுல ஒரு பொண்ணு. ட்ரம்ஸுன்னு சொன்னேனே தவிர அவன் அடிக்கறதெல்லாம் ஆயில் ட்ரம்மு, தகர ஷீட்டு, பழைய லாரியோட ஸ்பிரிங் பட்டை. எனக்கு அந்த இசை பிடிக்குமான்னு கேக்காதீங்க. கல்யாண வீடியோவுல சத்தத்தைக் கழிச்சுக் கழிச்சே வாழ்க்கை போயிட்டு இருந்துச்சு, இவங்க வந்து "அக்கா, ஒரு சத்தத்தையும் எடுக்கக் கூடாது, எல்லாம் இருக்கணும்"னு சொன்னப்ப எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதான் போனேன்.

மஞ்சுவோட தாய்மாமன் ஒருத்தருக்கு ஊருக்கு வெளிய இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல ஊதுபத்தி ஃபேக்டரி இருந்துச்சு, மூடி ஆறேழு வருஷம் ஆச்சு. அந்த ஃபேக்டரிக்குக் கீழ ஒரு பெரிய சம்ப். தண்ணித் தொட்டிதான், ஆனா ஒரு கல்யாண மண்டபத்துல பாதி இருக்கும், நடுவுல தூண் எல்லாம் வெச்சு, உள்ள ரெண்டாள் ஒயரத்துக்கு மேல ஆழம். தண்ணி வத்திக் காலியாக் கெடந்துச்சு. உள்ள ஒரு கை தட்டினா அந்தச் சத்தம் சுத்திச் சுத்தி வந்து, நிக்கவே நிக்காது. ஜனவரி மாசம் ரெண்டு பக்க மூடியையும் ரெண்டு நாள் தொறந்து வெச்சு, வாட்ச்மேன் ரூம்லேர்ந்து பெரிய ஃபேனைக் கொண்டாந்து வெச்சுக் காத்து விட்டு, அப்புறம்தான் எறங்கி மூணு நாள் ரெக்கார்டிங் பண்ணினோம். சுவரு முழுக்கப் பழைய ஊதுபத்தி வாசனை, ஈரத்தோட சேந்து ஒரு மாதிரி. ஆல்பத்துக்கே 'சம்ப்'னு பேரு வெச்சுட்டாங்க.

இதை நல்லாக் கவனிங்க. மஞ்சுவுக்கு ஒரு பிடிவாதம், ஆல்பத்துல மனுஷக் குரலே இருக்கக் கூடாது. "மனுஷன் வாய் தொறந்தா எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க அக்கா, சத்தத்தை யாரும் கேக்க மாட்டாங்க"ம்பான். ஒன் டூ த்ரீ எண்ணறதைக் கூட விரல்லதான் காமிச்சுக்குவாங்க. நான் தும்மல் வந்தாக் கூட மூக்கைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். மொத்தம் நாலு ட்ராக்கு, நாற்பத்தெட்டு நிமிஷம். மூணாவது ட்ராக்குதான் பெருசு, இருபத்திரண்டு நிமிஷம். ஒவ்வொரு நொடியையும் நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஒரு குரலும் அதுல கிடையாது.

மார்ச்சுல இண்டர்நெட்டுல விட்டாங்க. மொத ரிவ்யூ பெங்களூர்லேர்ந்து வந்துச்சு, கிழிகிழின்னு கிழிச்சிருந்தான். மிக்ஸியில ஸ்பேனரைப் போட்டு அரைச்ச மாதிரி இருக்கு, இதைக் கேக்கறதுக்குப் பதிலா நான் அந்த மிக்ஸியையே வாங்கியிருப்பேன்னு எழுதியிருந்தான். அருளுக்கு ஒரே பெருமை, அதைப் பிரிண்ட் எடுத்து வெல்டிங் கடையில ஒட்டி வெச்சான். ரெண்டாவது சென்னையிலேர்ந்து, தமிழ்ல எழுதற ஒருத்தரு. நல்லா எழுதியிருந்தாரு, தொட்டிக்குள்ள நம்மளை எறக்கி மூடியைச் சாத்திட்டாங்கன்னு எல்லாம் எழுதிட்டு, கடைசியில ஒரு வரி. மூணாவது ட்ராக்குல பதினாலாவது நிமிஷத்துல வர்ற அந்தப் பொம்பளைக் குரல்தான் இந்த ஆல்பத்தோட உயிருன்னு.

நாங்க சிரிச்சோம். ஆயில் ட்ரம்மோட அதிர்வு அவருக்குக் குரல் மாதிரி கேட்டிருக்கும்னு நான்தான் சொன்னேன். இரைச்சலை ரொம்ப நேரம் கேட்டா மூளை அதுல ஒரு பேச்சைத் தேடும், எனக்கே ஜெனரேட்டர் சத்தத்துல பாட்டு கேட்டிருக்கு.

மூணு வாரம் கழிச்சு போர்ச்சுகல்லேர்ந்து ஒரு பொண்ணு இங்கிலீஷ்ல எழுதினா. அவளுக்குத் தமிழ் இருக்கறதே தெரியுமோ என்னமோ. ஆல்பத்துல குரலே இல்லாம வெச்சுட்டு, மூணாவது ட்ராக்குல பதினாலாவது நிமிஷத்துல ஒரே ஒரு பொம்பளையைக் கத்த விட்டது பெரிய துணிச்சல்னு எழுதிட்டு, அந்தப் பொம்பளை சொல்ற வார்த்தை என்ன பாஷைன்னு தெரியல, என் காதுக்குக் கேட்டது இதுன்னு இங்கிலீஷ் எழுத்துல ஒண்ணு ஒண்ணா எழுதியிருந்தா. நான் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து அதை எழுத்துக் கூட்டிப் படிச்சேன். எறங்காத. எறங்காத. எறங்காத.

அன்னைக்குச் சாயந்தரமே மஞ்சு அருளையும் கூட்டிக்கிட்டுக் கடைக்கு வந்துட்டான். மொகம் செவந்து போயிருந்துச்சு. எங்கிட்ட அவன் எப்பவும் கன்னடம்தான், நானும் அவன்கிட்ட கன்னடம்தான் பேசுவேன். "நீனே தானே அக்கா ஹாகித்து?"ன்னான், நீதானே போட்டதுன்னு. தமிழ் தெரிஞ்ச பொம்பளை இந்த வேலையில நீ ஒருத்திதான் இருக்க, கடைசியா ஃபைலைத் தொட்டதும் நீதான், எனக்குத் தெரியாம உன் குரலை உள்ள சொருகிட்டன்னு. எனக்கு அழுகையே வந்துருச்சு. அத்தனை வருஷத்துல என் வேலையை ஒருத்தரும் அப்படிச் சொன்னது கிடையாது. அருள் நடுவுல பூந்து, "டேய், அக்கா அப்படிப் பண்ணாது, வா கேட்டுப் பாக்கலாம்"னான். மூணு பேரும் ஆளுக்கொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு அந்தப் பதினாலாவது நிமிஷத்தை இருபது தடவையாச்சும் கேட்டிருப்போம். தனித்தனி மைக்ல வந்த ஃபைலு எல்லாம் அப்படியே இருந்துச்சு, அதையும் ஒண்ணொண்ணாக் கேட்டோம். தகரம், ட்ரம்மு, கிட்டாரு. வேற ஒண்ணும் இல்ல. குரல் இருந்தா கம்ப்யூட்டர்ல சத்தத்தைக் காட்டற கோடே வேற மாதிரி இருக்கும், எனக்குப் பாத்தாலே தெரியும். இல்லவே இல்ல.

அப்பத்தான் எங்க ஓனர் பாய் மேல வந்தாரு. நல்ல மனுஷன், பாட்டுன்னாப் பழைய பாட்டு மட்டும்தான் கேப்பாரு. வேற ஆளு கேக்கட்டும்னு அருள்தான் அவரைப் பிடிச்சு உக்கார வெச்சு ஹெட்ஃபோனை மாட்டி விட்டான். என்ன விஷயம்னு யாரும் சொல்லல. பாய் மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு, எங்களைப் பாத்துத் தலையில அடிச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டு இருந்தாரு. பதினாலாவது நிமிஷம் வந்துச்சு. பாய் டக்குனு ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு என் பக்கம் திரும்பினாரு.

"என்னம்மா கலா, கூப்ட்டியா?"

நான் வாயே தொறக்கலன்னு மூணு பேருமே சொன்னோம். அவரு நம்பல. "உன் குரல் எனக்குத் தெரியாதா?"ன்னு சொல்லிட்டுக் கீழ எறங்கிப் போயிட்டாரு. மஞ்சு என்னையே பாத்தான். அதுக்கப்புறம் நாலு மாசம் அவன் எங்கிட்டப் பேசல.

சரி, இதை இப்படியே விடக் கூடாதுன்னு நான் அந்தப் போர்ச்சுகல் பொண்ணுக்கு மெயில் போட்டேன். அந்தக் குரலைப் பத்தி இன்னும் கொஞ்சம் வெவரமாச் சொல்ல முடியுமான்னு. மறுநாளே பதில் வந்துச்சு. மொத தடவை சாதாரணமாச் சொல்றா, ரெண்டாவது தடவை கோவமா, மூணாவது தடவை தொண்டை கிழியற மாதிரி. அப்புறம் ஃபேன்னு ஒரு வார்த்தை, அது இங்கிலீஷா உங்க பாஷையான்னு தெரியல. அதுக்கப்புறம் தகரத்து மேல யாரோ ஓடற மாதிரி தடதடன்னு கேக்குது. அப்புறம் எல்லாம் இரைச்சல்ல முங்கிடுதுன்னு எழுதியிருந்தா. கடைசியில, அவ்வளவு நெஜமா ஒரு பொம்பளையைப் பயப்பட வைக்க நீங்க என்ன செஞ்சீங்கன்னு எங்கிட்டக் கேட்டிருந்தா.

இதுக்கு நடுவுல ஆல்பத்துக்கு நல்ல பேரு வந்துட்டு இருந்துச்சு, அதுவும் ஒரு கொடுமை. எழுதற ஆளுங்கள்ல பாதிப் பேரு அந்தக் குரலைத்தான் எழுதினாங்க. யாரு அந்தப் பாடகின்னு கேட்டாங்க. குரல் கேக்கவே இல்லைன்னு எழுதினவங்களும் இருந்தாங்க, ஆனா அவங்களுக்கு ஆல்பமே பிடிக்கல. மஞ்சு தன் வாழ்க்கையிலேயே பெருசா நெனைச்ச வேலை அது, அதுல எது இருக்கக் கூடாதுன்னு நெனைச்சானோ அதுக்குத்தான் பாராட்டு. அவன் எடத்துல இருந்தா நானும் பேசியிருக்க மாட்டேன்.

ஆகஸ்ட்டுல அருள்தான் எங்க ரெண்டு பேரையும் சேத்து வெச்சான். பெங்களூர்லேர்ந்து சசின்னு ஒருத்தர், கன்னடப் பத்திரிகையில இசையைப் பத்தி எழுதறவரு, பேண்டைப் பத்திப் பெருசா எழுதணும், ரெக்கார்டிங் பண்ணின அதே எடத்துல உக்காந்து ஆல்பத்தைக் கேக்கணும்னு சொல்லியிருந்தாரு. "அக்கா, நீங்க வரலைன்னா நானும் போகல"ன்னு அருள் பிடிவாதம் பிடிச்சான். போனேன்.

மத்தியானம் ரெண்டரை மணி இருக்கும். மழை விட்டுப் பத்து நாள் ஆயிருந்துச்சு, நல்ல வெயிலு. ஃபேக்டரி முத்தத்துல கூரையிலேர்ந்து பிரிச்ச தகர ஷீட்டு எல்லாம் தரையில பரப்பிக் கெடந்துச்சு. சசி பேட்டிக்காக ஃபோன்ல ரெக்கார்டிங்கைப் போட்டுச் சட்டைப் பையில வெச்சிருந்தாரு. மஞ்சுவும் அருளும் கடப்பாரையை வெச்சு நெம்பி சம்ப் மூடியைத் தொறந்தாங்க. ஜனவரிக்கப்புறம் அன்னைக்குத்தான் தொறக்கறோம். மழைத் தண்ணி உள்ள எறங்கி முழங்காலுக்குக் கீழ நின்னுட்டு இருந்துச்சு, கறுப்பா, ஏதேதோ அழுகி மெதந்துச்சு. ஜனவரியில ரெண்டு நாள் காத்து விட்டுட்டுத்தான் எறங்கினோம்ங்கறது எங்க யாருக்கும் ஞாபகத்துக்கே வரல. எனக்கும் வரல. அதை நெனைச்சா இன்னமும் என்னை நானே மன்னிச்சுக்க முடியல.

ஸ்பீக்கரை வைக்கக் காஞ்ச எடம் இருக்கான்னு பாக்கறேன்னு அருள் டார்ச்சை எடுத்துக்கிட்டு இரும்பு ஏணியில எறங்கினான். "இன்னும் வாசனை அடிக்குதுக்கா"ன்னு சிரிச்சுக்கிட்டே எறங்கினான். கீழ கால் வெச்சான். ரெண்டு அடி எடுத்து வெச்சிருப்பான். அப்புறம் ரொம்பக் களைச்சுப் போனவன் உக்கார்ற மாதிரி, ஏணியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா அந்தத் தண்ணியிலேயே உக்காந்தான். டார்ச்சு கையிலேர்ந்து விழுந்துச்சு. தலை ஏணிக் கம்பி மேல சாஞ்சிருச்சு.

மஞ்சு, "அருள்! ஏய் அருள்!"னு கத்திக்கிட்டே ஏணியில காலை வெச்சுட்டான்.

அப்ப என் வாயிலேர்ந்து வந்துச்சு. நான் யோசிச்சுச் சொல்லலீங்க. "எறங்காத." சாதாரணமாத்தான் வந்துச்சு, குழந்தைகிட்டச் சொல்ற மாதிரி. அவன் ரெண்டாவது படிக்குப் போயிட்டான். "எறங்காத!" அவன் சட்டைக் காலரைப் பிடிச்சேன். அவன் என்னை ஒதறினான், தலை தரை மட்டத்துக்குக் கீழ போயிருச்சு, அப்பத்தான் மூணாவது தடவை கத்தினேன், என் தொண்டையில ரத்த வாடை வந்துச்சு, அப்படி ஒரு கத்து. மஞ்சு அப்படியே நின்னுட்டான். மேல நிமிந்து என்னைப் பாத்தான். அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அவனுக்கும் புரிஞ்சிருச்சுன்னு. நான் அவன்கிட்டத் தமிழ்ல பேசினதே கிடையாதுன்னு சொன்னேன் இல்ல. அன்னைக்கு மூணு தடவையும் தமிழ்லதான் கத்தியிருக்கேன்.

மஞ்சு மேல ஏறி வந்துட்டான். நான் சசியைப் பாத்து, "ஃபேன், வாட்ச்மேன் ரூம்ல ஃபேன்"னு கத்தினேன். சசி ஓடினாரு. முத்தத்துல கெடந்த தகர ஷீட்டு மேலயே ஓடினாரு, தடதடதடன்னு. போர்ச்சுகல் பொண்ணு எழுதியிருந்த அதே சத்தம். கீழ ஒருத்தன் சாகக் கெடக்கறான், நான் ஒரு நொடி அந்தச் சத்தத்தையே கேட்டுக்கிட்டு நின்னேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேக வேகமா நடந்துச்சு. ஃபேனைக் கொண்டாந்து மூடி வாய்க்கு மேல கவுத்துப் பிடிச்சோம், மஞ்சு ஓடிப்போய் அந்தப் பக்கத்து மூடியையும் நெம்பித் தொறந்தான், வாட்ச்மேன் ஃபையர் ஸ்டேஷனுக்கு ஃபோன் பண்ணினாரு. அவங்க வந்து மாஸ்க் போட்டுக்கிட்டு எறங்கிக் கயிறு கட்டித் தூக்கினாங்க. ஒதடு நீலமா இருந்துச்சு. மூச்சு இருந்துச்சு. ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னாரு, ஏணிக்குப் பக்கத்துலேயே உக்காந்துட்டதாலயும், மேலேர்ந்து காத்து விட்டதாலயும்தான் பொழைச்சான்னு. இந்த மாதிரி விஷக் காத்து அடைஞ்ச எடத்துல பின்னாடியே காப்பாத்தப் போறவங்களும்தான் போயிடுவாங்க, ரெண்டாவது ஆளை யாரு தடுத்ததுன்னு கேட்டாரு. மஞ்சு என்னைக் கை காட்டினான். உங்களுக்கு எப்படித் தெரியும், எங்கயாச்சும் படிச்சிருந்தீங்களான்னு கேட்டாரு.

படிச்சிருந்தேன்தான். அந்த ரிவ்யூவைப் படிச்சதாலதான் அந்த வார்த்தை என் வாயில வந்துச்சுன்னு வெச்சுக்கலாம், எனக்கும் அப்படி நெனைக்கத்தான் ஆசை. ஆனா அவங்க எதைக் கேட்டு எழுதினாங்க? அதுல இல்லாததை எப்படிக் கேட்டாங்க? பாய் எப்படி என் குரலைக் கேட்டாரு? இதுக்கு எந்தப் பைப்பைத் தேடுறதுன்னு எனக்குத் தெரியல.

மஞ்சு ஆஸ்பத்திரி வராண்டாவுலேயே என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். அடுத்த நாளே ஆல்பத்தை இண்டர்நெட்டுலேர்ந்து எடுத்துட்டான். எடுத்து என்ன, முன்னாடியே வாங்கி வெச்சவங்க கிட்ட எல்லாம் இருக்கத்தான் செய்யுது. சசி எழுதின கட்டுரை வந்துச்சு. நாங்க கேட்டுக்கிட்டபடி அந்த விபத்தைப் பத்தி ஒரு வார்த்தை எழுதல. குரலைப் பத்தியும் எழுதல. ஆனா எங்கிட்டத் தனியா ஒண்ணு சொன்னாரு. ஊருக்குப் போய் மூணாவது ட்ராக்கைப் போட்டேன், பதினாலாவது நிமிஷம் வந்ததும் நிறுத்திட்டேன், இனிமே கேக்க மாட்டேன்னு.

அருள் அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில இருந்துட்டு வீட்டுக்கு வந்தான். நான் பாக்கப் போயிருந்தேன். அவன் பொண்டாட்டி உள்ள டீ போட்டுட்டு இருந்தா, பொண்ணு தரையில வெளையாடிட்டு இருந்துச்சு, இவன் கட்டில்ல சாஞ்சுக்கிட்டு காதுல ஹெட்ஃபோன் மாட்டியிருந்தான். ஆல்பத்தைத்தான் கேக்கறான்னு எனக்குத் தெரியாது. நான் சேரை இழுத்துப் போட்டு உக்காந்தேன். அவன் கையைக் காமிச்சு இருங்கன்னான். மொகம் நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே மாறிச்சு. இருபத்திரண்டு நிமிஷமும் முடியற வரைக்கும் கேட்டுட்டுத்தான் கழட்டினான்.

"இப்ப எனக்கும் கேக்குதுக்கா"ன்னான்.

"என்ன கேக்குது?"

"நீங்கதான். அன்னைக்குச் சொன்னதெல்லாம்." ஹெட்ஃபோனை மடியில வெச்சான். "அதுக்கப்புறமும் இருக்குதுக்கா. இரைச்சலுக்கு அடியில. அவங்க யாருக்கும் அது கேக்கல போல இருக்குது."

"அதுக்கப்புறம் என்ன?"

அவன் சொல்லல. நான் எவ்வளவோ கெஞ்சிக் கேட்டேன், திட்டினேன், சொல்லல. டீ வந்துச்சு, குடிச்சோம். நான் கெளம்பும்போது வாசல் வரைக்கும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்து, பொண்டாட்டிக்குக் கேக்காம மெதுவாச் சொன்னான், "அக்கா, ஒண்ணு மட்டும் கேக்கறேன். இனிமே எம் பேரச் சொல்லிக் கூப்புடாதீங்க. தம்பின்னு கூப்புடுங்க, டேய்னு கூப்புடுங்க, பேரு மட்டும் வேண்டாம்."

ஏன்டான்னேன். "சும்மாத்தான்"னான்.

நான் வீட்டுக்கு வந்து, சசிகிட்டக் கேட்டு அவரோட ஃபோன் ரெக்கார்டிங்கை வாங்கினேன். இதாச்சும் எனக்குக் கேக்கற சத்தம், என் கம்ப்யூட்டர்ல கோடு கோடாப் பாக்க முடியற சத்தம். முழுசாக் கேட்டேன். மஞ்சு அருள் அருள்னு கத்தறான். வாட்ச்மேன் கத்தறாரு. சசி கூட ஃபேனைப் பிடிச்சுக்கிட்டு அருள் அருள்னு கூப்புடறாரு. நான் எறங்காதன்னு மூணு தடவை, ஃபேன், மூடியைத் தொற, ஃபோன் பண்ணு, இதெல்லாம் சொல்றேன். ஆம்புலன்ஸ் கதவு சாத்தற வரைக்கும் அந்த ரெக்கார்டிங் ஓடுது. அதுல எங்கயுமே நான் அருள்னு ஒரு தடவை கூடக் கூப்புடல.

மறுபடியும் மொதல்லேர்ந்து போட்டுக் கேட்டேன், இல்ல. அவன் கேட்டதுல நான் அவன் பேரைச் சொல்லிக் கூப்புடறேன், அது இன்னும் நடக்கலைன்னுதான் நான் நெனைக்கறேன். அது தப்பாக் கூட இருக்கலாம். அவன் இன்னைக்கு வரைக்கும் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. நானும் இப்பக் கேக்கறதில்ல. இதோ, உங்ககிட்ட இவ்வளவு நேரம் அவன் பேரைச் சொல்லித்தான் பேசிட்டு இருக்கேன், அது பரவாயில்ல, பேசறது வேற, கூப்புடறது வேறன்னு எனக்கு நானே ஒரு கணக்கு வெச்சிருக்கேன். மூணு வருஷமா அவன் இருக்கற எடத்துல அந்தப் பேரு என் வாயில வந்ததில்ல.

போன மாசம் மண்டி மொஹல்லாவுல எங்க கடைத் தெருவுலேயே அவனைப் பாத்தேன். ஒரு டெம்போவுலேர்ந்து பெரிய இரும்பு கேட்டை எறக்கிட்டு இருந்தாங்க, இவன் கீழ நின்னு கயிறு அவுத்துட்டு இருந்தான். நான் தெருவுக்கு இந்தப் பக்கம். கேட்டு மேல் பக்கம் லேசா அவன் பக்கமாச் சாயற மாதிரி எனக்குத் தெரிஞ்சுச்சு. சாஞ்சுச்சா, சாயலையான்னு இப்பவும் சொல்லத் தெரியல. வாயைத் தொறந்துட்டேன். பேரு நாக்கு நுனிக்கு வந்துருச்சு. பல்லைக் கடிச்சு மூடிக்கிட்டு, ஸ்கூட்டரு ஆட்டோ எல்லாத்துக்கும் நடுவுல ஓடினேன், ஒருத்தன் ஹாரன் அடிச்சு அசிங்கமாத் திட்டினான், ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடிச்சுப் பின்னாடி இழுத்தேன்.

கேட்டு விழல. டெம்போக்காரன் மேலேர்ந்து பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தான். நான்தான் மூச்சு வாங்கிக்கிட்டு நடுத்தெருவுல பைத்தியம் மாதிரி நின்னேன்.

அருள் திரும்பிப் பாத்தான். அவன் கேட்டைப் பாக்கல, டெம்போவைப் பாக்கல. என் வாயைத்தான் பாத்தான்.